மிதமான சூடு

அத்தியாயம் பதினான்கு

மைக்குக்குத் தாடையில் அறுவை சிகிச்சை நடந்து இன்றோடு பத்து நாள். சென்ற வாரம் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததையும், "கதவைத் திற, பால் பொங்குது" என்று அப்பா பொய் சொல்லித் திறக்க வைத்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகலாம்.

மைக் என்பது அவள் பெயர் அல்ல. நாலு வயதில் கரண்டியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, "அப்பா குளிக்கப் போகிறார், அம்மா கோபமாக இருக்கிறார்" என்று வீட்டுக்கே அறிவித்த நாளில் ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வயதில் அதுவே பிழைப்பும் ஆனது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை, இரண்டு வருடமாகத் தற்காலிகம்.

கீழ்த்தாடை அளவுக்கு மீறி வளர்ந்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காமல், ஒவ்வொரு நாளும் வேலை முடிகிற நேரத்தில் வலி காது வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தது. அறுத்துச் சரிசெய்வது ஒன்றுதான் வழி என்றார் டாக்டரம்மா. அம்மா கூடவே கூடாது என்றாள். அப்பாதான் தைரியம் சொல்லி, அழைத்துப்போய், படிவத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டார். அன்றிலிருந்து வீட்டில் எது தப்பாகப் போனாலும் அம்மாவின் பார்வை அந்தக் கையெழுத்தின் மேல்தான் போய் நிற்கிறது.

டாக்டர் கொடுத்த தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. முதல் மூன்று நாள் வீக்கம் ஏறும், பிறகு மெல்ல வடியும். வலி மாத்திரைக்குக் கட்டுப்படும். ஆறு வாரம் கடிக்கிற சமாச்சாரமே கிடையாது, நீர் ஆகாரம்தான். கீழுதடும் முகவாயும் மரத்துப் போகும். வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் நின்றுபோகவும் செய்யலாம். இரண்டாம் வாரத்தில் மனம் சோர்ந்து போவது சகஜம்.

அம்மா பரீட்சைக்குப் படிப்பதுபோல் தினமும் அதைப் படித்தாள். கடைசிக்கு முந்தின வரியில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

மைக்கும் அந்த வரியில்தான் நின்றுகொண்டிருந்தாள். நிரந்தர வேலைக்குக் குரல் தேர்வு ஐந்து வாரத்தில். அதற்குள் தேறிவிடுவாள் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் கடிதம் நாளை மாலைக்குள் ரயில் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். "பத்தாம் நாள் உணர்ச்சி திரும்புற அறிகுறி தெரிஞ்சா தைரியமா எழுதுவேன். இல்லன்னா பொறுத்துத்தான் பாக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்று மூன்று மணிக்குப் பரிசோதனை.

* * *

காலை ஆறரைக்கு அம்மா பள்ளி வேன் சாவியை எடுத்துக்கொண்டு, கழுத்தில் நாடாவில் தொங்கிய சின்னக் கத்தரிக்கோலைக் கழற்றி அப்பாவின் கழுத்தில் மாட்டினாள். மைக்கின் பற்களை ரப்பர் வளையங்கள் பூட்டி வைத்திருந்தன. வாந்தி வந்தால் உடனே வெட்டிவிட வேண்டும் என்பது மருத்துவமனை உத்தரவு. இதுவரை வாந்தியும் வரவில்லை, வெட்டவும் இல்லை. ஆனாலும் கத்தரிக்கோல் இல்லாத கழுத்தை அம்மா வீட்டில் அனுமதிப்பதில்லை.

"சூப்பு பிளாஸ்க்ல இருக்கு. ரெண்டு தடவ வடிகட்டியிருக்கேன். ஆற வச்சுக் குடுங்க. பாத்துக் குடுங்க."

"பால்ல ஈஸ்ட் கலக்குறவன் நான். என்கிட்டயே சூட்டப் பத்திப் பேசுறியா?"

"உங்க ஈஸ்ட் கதைதான் ஒரு மாசமா ஊர் சிரிக்குதே."

அது அவருக்குச் சுருக்கென்றது. அப்பா ரொட்டிக்காரர். கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து இருபத்தெட்டு வருடமாக பேக்கரி நடத்துகிறார். மகளுக்கு இப்படி ஆனதிலிருந்து விடிகாலை அடுப்பைக் கூட்டாளி பார்த்துக்கொள்ள, இவர் ஒன்பதரைக்குப் போய் இரண்டாவது மாவைப் பிசைவார். எப்போதும் இவரே பிசைகிற அந்த இரண்டாவது மாவுதான் ஒரு மாதமாகச் சரியாக எழும்பவில்லை. ரொட்டி கட்டை கட்டையாக வந்தது. ஈஸ்ட்டை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டு, கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு கடிதமும் எழுதிப் போட்டிருந்தார்.

மைக் தலையணை மூன்றை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் பாதி வடிந்து, கன்றிய இடம் மஞ்சளாகிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. மடியில் குழந்தைகள் எழுதும் சிலேட்டு. ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. பேச்சே தொழிலாக இருந்தவளுக்கு இப்போது விரல்தான் வாய்.

அப்பா சூப்பைக் குழாய் வைத்த புட்டியில் ஊற்றினார். சுண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"கச்சிதம். குடி."

மைக் புட்டியை அழுத்தினாள். நாலு வாய் போனதும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கையை வாய்க்கு முன்னால் விசிறினாள். அப்பா எழுந்துபோய் மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டு வந்தார்.

அவள் சிலேட்டை எடுத்து எழுதினாள்: சூடு.

"இல்லடா. நான்தான் விரல் விட்டுப் பாத்தேனே. உனக்கு இப்போ நாக்கெல்லாம் கூசும், தாள்லயே போட்டிருக்கு. பயப்படாம குடி. ஒடம்புல தெம்பு இருந்தாத்தானே சாயங்காலம் டாக்டர் முன்னாடி தெளிவா இருப்ப?"

மைக் அவரைப் பார்த்தாள். பத்து நாளாகத் தன் முகம் தனக்கே சொந்தமில்லாதவள் அவள். எச்சில் வழிவது கண்ணாடியைப் பார்த்தால்தான் தெரியும். தன் வாய் சொல்வது நிஜமா, அப்பா விரல் சொல்வது நிஜமா என்று ஒரு நொடி யோசித்தாள். அப்பாவின் விரலையே நம்பினாள்.

முக்கால் புட்டி குடித்தாள். உதட்டோரம் வழிந்து முகவாயில் தேங்கியதை அவள் உணரவும் இல்லை, துடைக்கவும் இல்லை. அப்பாதான் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, "சமத்து" என்றார்.

* * *

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்த அம்மாவின் கழுத்தில் கத்தரிக்கோலை மாட்டிவிட்டு அப்பா கிளம்பினார். பத்து மணிக்கு பேக்கரியில் ஈஸ்ட் கம்பெனிக்காரர் காத்திருந்தார். கடிதத்தின் காரம் வேலை செய்திருக்கிறது. கையில் பெட்டி, சட்டைப் பையில் மூன்று பேனா.

"எங்க ஈஸ்ட்டு செத்த ஈஸ்ட்டுன்னு எழுதியிருக்கீங்க சார்."

"செத்ததச் செத்ததுன்னுதானே எழுத முடியும்?"

"ஒண்ணும் நெனைக்காதீங்க. நீங்க வழக்கமா எப்படிக் கலக்குவீங்களோ அப்படியே கலக்குங்க. நான் சும்மா பாக்குறேன்."

அப்பா பாலைக் காய்ச்சினார். இறக்கினார். கொஞ்சம் ஆறவிட்டார். சுண்டு விரலை முக்கினார். கண்ணை மூடித் தலையாட்டினார். இருபத்தெட்டு வருடமாக இதே தலையாட்டல்தான்.

"இதுதான் சார் மிதமான சூடு. இதுக்கு மேல ஒரு பொட்டு ஏறாது, கீழ ஒரு பொட்டு எறங்காது."

ஈஸ்ட்காரர் பெட்டியிலிருந்து நீளமான வெப்பமானி ஒன்றை எடுத்துப் பாலில் நிறுத்தினார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தினார். அவர் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் வரவில்லை, சங்கடம்தான் வந்தது.

"சார், அறுபத்தொண்ணு காட்டுது. நாப்பது தாண்டவே கூடாது. இதுல போட்டா எந்த ஈஸ்ட்டும் பொழைக்காது."

"உங்க மிஷின் கெட்டுப் போச்சு."

"நான் வேணா தொட்டுப் பாக்கறேன்." விரல் நுனியை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐயோ! சுடுது சார். இதுல எப்படி விரல வச்சுக்கிட்டு நின்னீங்க?"

அப்பா தன் விரலைப் பார்த்தார். சுண்டு விரல் சிவந்திருந்தது. ஒன்றுமே தெரியவில்லை. மறுபடி பாலில் விட்டார். வெதுவெதுப்பாக, நல்ல பிள்ளையாக, கச்சிதமாக இருந்தது பால். அதுதான் பயமாக இருந்தது.

காலையில் சூப்பில் விட்ட அதே விரல். மின்விசிறியும், சிலேட்டில் இருந்த 'சூடு'ம், 'சமத்து' என்று சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவரை அறைந்தன. மாவு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

அதே நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அம்மா.

"என்னங்க, உடனே வாங்க. உதட்டுல கொப்புளம் போட்டிருக்கு. முகவாயெல்லாம் செவந்து கெடக்கு. சீழ் வச்சிருச்சுங்க. எலும்புல எறங்கிட்டா என்ன பண்றது?"

"அவ... வலிக்குதுங்கறாளா?"

"அதான் இல்லையே! வலிக்குதான்னு கேட்டா ரெண்டு தட்டுறா. கொப்புளம் வந்து வலிக்கலன்னா அது எவ்வளவு பெரிய ஆபத்து? தாள்ல இதப்பத்தி ஒரு வரிகூட இல்ல. நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா?"

"வர்றேன்" என்றார். சூப்பைப் பற்றிச் சொல்லாமலே ஃபோனை வைத்தார்.

* * *

மூன்று மணி வரை பொறுக்காமல் கிளம்பி, மருத்துவமனைக்குப் போகிற வழியெல்லாம் அம்மா வேனை விரட்டினாள். சின்னச் சின்ன இருக்கைகளின் நடுவே மைக். அவள் பக்கத்தில் அப்பா, முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அம்மா கண்ணாடியில் மகளைப் பார்த்தாள்.

"காய்ச்சல் இருக்கா பாருங்க."

அப்பா மைக்கின் நெற்றியில் கை வைத்தார். வைத்த பிறகுதான் உறைத்தது. எதைப் பார்த்து எதைச் சொல்வது?

"தெரியல" என்றார்.

"தொட்டுப் பாத்துட்டுத் தெரியலன்னா என்ன அர்த்தம்? ஒரு காரியம் உருப்படியா பண்ணத் தெரியுதா உங்களுக்கு?"

மைக் சிலேட்டில் எழுதி முன்னால் நீட்டினாள்: கடிதம் குடுக்க மாட்டாரா?

அவள் கவலை சீழ் இல்லை, எலும்பு இல்லை. கடிதம்தான். அப்பா தன் சுண்டு விரலை மடக்கிக்கொண்டார். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் பேனாவை மூடி வைத்தால், இரண்டு வருடம் தொண்டை தேயக் கத்தியதெல்லாம் போச்சு. அதுவும் தன் விரலால் போச்சு.

டாக்டரம்மா உதட்டை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நர்ஸும் எட்டிப் பார்த்தாள்.

"சீழ் இல்ல. வெட்டின இடமெல்லாம் சுத்தமா ஆறிட்டு வருது. இது சூட்டுக் கொப்புளம். காலைல என்ன குடுத்தீங்க?"

"சூப்பு" என்றாள் அம்மா. "நல்லா ஆறினதுதான் டாக்டர். இவர் தொட்டுப் பாத்துத்தான்..."

பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான்" என்றார் அப்பா. "அவ சூடுன்னு எழுதிக் காட்டினா. நான்தான் இல்லன்னு சொல்லிக் குடிக்க வச்சேன். எனக்கு விரல்ல சூடே தெரியல டாக்டர். இன்னைக்குக் கடைலதான் கண்டுபிடிச்சேன். ஃபோன்லயே சொல்லியிருக்கணும். சொல்லல."

அம்மா திட்டுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் திட்டவில்லை. கழுத்திலிருந்த கத்தரிக்கோலைக் கையில் இறுக்கிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அப்பாவுக்கு.

"உங்க விரலையும் ஒரு டாக்டர்கிட்டக் காட்டணும்" என்றார் டாக்டரம்மா. "தள்ளிப் போடாதீங்க. ஒரு கெட்டதுல ஒரு நல்லது, பட்டது மேலாகத்தான். ரெண்டு வாரத்துல ஆறிடும். இப்ப உணர்ச்சி பாத்துடலாமா? கண்ண மூடிக்கம்மா. பஞ்சு பட்டதும் கைப்பிடிய ஒரு தட்டு தட்டணும்."

மைக் கண்ணை இறுக மூடினாள். டாக்டரம்மா வலது பக்கம் பஞ்சால் தொட்டார்.

தட்டு.

சற்றுத் தள்ளித் தொட்டார். தட்டு. நடு உதட்டில், கொப்புளத்தின் ஓரமாகத் தொட்டதும் மைக் துள்ளினாள். பூட்டிய பல்லுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

"வலிக்குதா?"

தட்டு.

"நல்லது! ரொம்ப நல்லது!"

"வலிக்கறதுல என்ன டாக்டர் நல்லது?" என்று அம்மா பொங்கினாள்.

"நரம்பு முழிச்சுக்குதுன்னு அர்த்தம்மா. காலைல உதட்டுக்குத் தெரியாத சூடு இப்ப எரிச்சலாத் தெரியுது பாருங்க. இந்த வலிக்காகத்தான் நான் பத்து நாளாக் காத்திருக்கேன்."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மகளுக்கு வலிக்கிறது என்று சந்தோஷப்பட்ட முதல் நாள் அவளுக்கு இதுதான்.

"இனி இடது பக்கம்."

அப்பா இடது பக்கம்தான், தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் மைக்கின் இமை தெரியும். இதுவரை இறுக மூடியிருந்த இமை இப்போது நூலளவு திறந்திருந்தது. தலைக்கு மேலிருந்த விளக்கின் கண்ணாடி மூடியில் அவள் முகமும், டாக்டரம்மாவின் விரலும், பஞ்சும் சின்னதாகத் தெரிந்தன.

பஞ்சு பட்டது. தட்டு. பஞ்சு நகர்ந்தது. தட்டு. மூன்றாவது இடம். தட்டு.

நாலு வயதில் கண்ணாமூச்சி ஆடும்போதும் இவள் இப்படித்தான். இமையை நூலளவு திறந்து வைத்துக்கொண்டு பத்து வரை எண்ணுவாள். அப்பா மட்டும் கண்டுபிடித்துவிட்டு, கண்டுபிடிக்காததுபோல் போய் ஒளிந்துகொள்வார்.

"பிரமாதம்!" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு பக்கமும் திரும்பியிருக்கு. பத்து நாள்ல இது அபூர்வம்." கையைக் கழுவிவிட்டு மேசைக்குப் போய்க் கடிதத் தாளை இழுத்துக்கொண்டார்.

நர்ஸ் களிம்பை எடுத்துக் கொப்புளங்களில் தடவினாள். நடுவில் பட்டதும் மைக் முகத்தைச் சுளித்தாள். இடது ஓரத்தில்தான் பெரிய கொப்புளம். நர்ஸின் விரல் அதன் மேல் அழுத்தியே போனது. மைக் அசையவில்லை. அவள் கண் கடிதத் தாளின் மேல் இருந்தது.

"ரப்பர் வளையத்த அடுத்த வாரத்துலேர்ந்து வீட்லயே மாத்திக்கலாம்" என்று எழுதிக்கொண்டே சொன்னார் டாக்டரம்மா. "ஆகாரமும் கொஞ்சம் கதகதப்பாவே குடுங்க. உணர்ச்சி வந்துட்டதால சுட்டா அவளே சொல்லிடுவா. இனிமே வேற யாரும் தொட்டுப் பாத்துச் சொல்ல வேண்டாம்."

அம்மா பத்து நாளில் முதல் முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பாவைக்கூட ஒரு மாதிரி மன்னித்த பார்வை பார்த்தாள்.

அப்பா மட்டும் அந்த இடது ஓரக் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குக் காலை இன்னொரு புட்டி. நாளை மறுநாள் இன்னொன்று. இந்த முறை உதட்டுக்கு உள்ளே, தையல் மேலேயே சுட்டுவிட்டால்? ரப்பர் வளையத்தின் கொக்கி இடது பக்கம் சதையைக் கிழித்தாலும் தெரியாதே. சொன்னால் கடிதம் போச்சு. சொல்லாவிட்டால் இன்னும் என்னவெல்லாம் போகுமோ.

மைக் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் பார்த்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிலேட்டைத் தொடவில்லை. மெல்லக் கையை நீட்டி, அப்பாவின் சுண்டு விரலை எடுத்து, அதன் நுனியில் தட்டினாள். ஒன்று. இரண்டு.

இல்லை. சொல்லாதீங்க.

அவள் தட்டியதை அவர் பார்த்தார். விரலில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் அவள் சரியாகத்தான் சொன்னாள், தான்தான் பொய்யைச் சொல்லிக் குடிக்க வைத்தோம். இப்போது அவள் பொய் சொல்கிறாள், அதை டாக்டர் விழுங்கும்படி தானும் பார்த்துக்கொண்டிருப்பதா?

மேசையில் டாக்டரம்மா கடைசி வரியை எழுதி முடித்து, கையெழுத்துப் போடப் பேனாவை நகர்த்தினார்.

மைக்கின் பிடி இறுகியது. அவள் விரல் நகங்கள் வெளுத்திருந்ததைப் பார்த்துத்தான் அப்பா அதைத் தெரிந்துகொண்டார். கையை விடுவித்துக்கொள்ளாமலே முக்காலியிலிருந்து எழுந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றார்.